பெட்ரோல் ஆவியில் எஞ்சின் ஓடும், சரி. அதில் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார்களே, அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது?

திரவப் பெட்ரோல் எரிவதில்லை. எரிவது அதன் ஆவிதான், அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்தால் மட்டும். காற்றில் பெட்ரோல் ஆவி கொள்ளளவில் சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது. 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் பெட்ரோல் எஞ்சின் பிழைப்பு நடத்துகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஸ்பேனரும் கையுமாக இருக்கிற எவருக்கும் அடுத்த யோசனை வந்தே தீரும்: அப்படியானால் பெட்ரோலைத் துளியாகத் தெளிப்பானேன்? முதலிலேயே ஆவியாக்கிக் கொடுத்துவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாதே?

எனக்கும் அந்த யோசனை வந்தது. ஜெனரேட்டரோடு சேர்ந்த ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று சும்மா கிடந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, வேறு ஏற்பாடு செய்து, பெட்ரோல் ஆவியிலேயே அதை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, நன்றாகவே ஓடியது. அதற்குப் பிறகு நடந்தவைதான் எழுத வேண்டியவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இணையத்தில் இதைக் காட்டுகிறவர்கள் ஏதோ மறைக்கப்பட்ட ரகசியம் போலப் பேசுகிறார்கள். உண்மையில் பெட்ரோல் எஞ்சின் பிறந்ததே ஆவியில்தான். 1826இலேயே அமெரிக்காவில் சாமுவேல் மோரி டர்பெண்டைன் ஆவியில் ஓடும் எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இருந்ததும் மேற்பரப்பு கார்புரேட்டர்தான்: ஒரு பாத்திரத்தில் எரிபொருள், அதன் மேல் தவழ்ந்து போகும் காற்று, அந்தக் காற்று ஆவியை ஏந்திக்கொண்டு சிலிண்டருக்குப் போகும். 1888இல் பெர்தா பென்ஸ் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு நெடும்பயணம் போனபோது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார் என்பது பலரும் அறிந்த கதை. லிக்ராயின் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த, எளிதில் ஆவியாகும் ஒரு மெல்லிய பகுதி. கறை நீக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் தன் கார்களில் திரி கார்புரேட்டர் வைத்தார். திரிகள் எரிபொருளை உறிஞ்சி நிற்க, அவற்றின் ஊடே காற்று போகும். இவையெல்லாம் கச்சிதமாக வேலை செய்தவை.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? 1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா இருவரும் ஜெட் என்ற நுண்துளை வழியாகத் தெளிக்கும் கார்புரேட்டரைக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஆவிப் பாத்திரங்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. யாரும் சதி செய்யவில்லை. என் எஞ்சினோடு உட்கார்ந்திருந்தபோது அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன.

நான் செய்து பார்த்தது எல்லோரும் செய்கிற பபுளர்தான். மூடிய உலோகப் பாத்திரத்தில் கொஞ்சம் பெட்ரோல், அடிவரை இறங்கும் ஒரு குழாய், மேலே இன்னொரு குழாய். எஞ்சின் உறிஞ்சும்போது காற்று அடியிலிருந்து குமிழியாகக் கிளம்பி, ஆவியைச் சுமந்துகொண்டு மேலே வரும். பாத்திரத்தின் மேல்பகுதியில் இருக்கும் கலவை அப்படியே எரியாது, ஏனென்றால் ஆவி மிக அதிகம். புதுப் பெட்ரோல் மிதமான வெப்பத்திலேயே அங்கே கால் பங்கு அளவுக்கு ஆவியை நிரப்பிவிடும். எஞ்சினுக்கு வேண்டியதோ இரண்டு சதவீதத்தை ஒட்டி. அதனால் வழியில் ஒரு வால்வு வைத்துத் தனியாகக் காற்றைச் சேர்க்க வேண்டும். அந்த வால்வுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஒரு இம்மி திருப்பினால் எஞ்சின் திணறும், இன்னொரு இம்மி திருப்பினால் பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொண்ட பிறகு கேட்கிற சத்தம் நிஜமாகவே அழகு. சோக் வேண்டாம். சைலன்சரில் கறுப்புப் புகை இல்லை. ஐட்லிங் அவ்வளவு சீராக இருக்கும். திரவத் துளி ஒன்றும் உள்ளே போகவில்லை, கலவை முழுக்க ஒரே சீர், ஆகவே ஒவ்வொரு வெடிப்பும் முந்தையதைப் போலவே இருக்கிறது. இதுவரை பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

சரி, தொடர்ந்து ஓட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சோர்ந்து போகும். காற்று வால்வை மூடி மூடிப் பார்ப்பீர்கள், எழுந்து மறுபடி சோரும். பாத்திரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும், வெளியே நீர் முத்து முத்தாகப் படிந்திருக்கும். ஸ்பிரிட் தடவினால் தோல் சில்லிடுகிறதே, அதேதான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை வெளியிலிருந்து யாரும் கொடுக்காவிட்டால் மீதிப் பெட்ரோலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால், பத்தில் ஒரு பங்கு ஆவியாவதற்குள் மீதி பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிட வேண்டும். குளிர்ந்த பெட்ரோல் குறைவாக ஆவி கொடுக்கும். மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு, ஆவியாக்க மட்டும் எழுபது வாட்டுக்குக் குறையாத வெப்பம் இடைவிடாமல் தேவை. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் இன்னும் கூடும். எத்தனாலின் ஆவியாதல் வெப்பம் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

எழுபது வாட் பெரிய விஷயமில்லை, ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான். வெந்நீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை வைத்தால் முடிந்தது. ஆனால் இரண்டாவது தொல்லை வெப்பத்தால் தீராது. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. முப்பது டிகிரிக்கும் கீழே கொதிக்கிற லேசான பொருள்களிலிருந்து இருநூறு டிகிரிவரை இழுக்கிற கனமானவைவரை, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டம் அது. குமிழி விட்டால் லேசானவை முதலில் ஓடிவிடும். எஞ்சின் அழகாக ஓடிய அந்த முதல் கட்டம் பியூட்டேன், பென்டேன் போன்றவை கொடுத்த விருந்து. அவை தீர்ந்ததும் பாத்திரத்தில் மிஞ்சுவது மந்தமான ஒரு திரவம். மணமே மாறியிருக்கும். அதை மறுபடி சாதாரண டேங்கில் ஊற்றினால் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

பென்ஸ் காலத்து ஆவிப் பாத்திரம் வேலை செய்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அன்று ஊற்றியது லிக்ராயின். கொதிநிலை ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்கிய சரக்கு. பிற்பாடு வண்டிகள் பெருகியபோது, கச்சா எண்ணெயிலிருந்து முடிந்தவரை அகலமான பகுதியை பெட்ரோலாக்கி விற்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஜெட் கார்புரேட்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. லேசானதையும் கனமானதையும் அது பாகுபாடு பார்க்காமல் ஒன்றாக உறிஞ்சித் தெளிக்கும். மேபாக்கின் ஜெட் ஜெயித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். துளியைச் சின்னதாக்கியதைவிட, வண்டியில் ஊற்றியது ஊற்றியபடியே சிலிண்டருக்குப் போய்ச் சேர வைத்ததுதான் அதன் பெரிய வேலை.

பாத்திரத்துப் பெட்ரோல் ஓட ஓட மாறிக்கொண்டே போவதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்துகாட்டுகிறவர்கள் இதை ஒற்றை வரியில் தாண்டிப் போகிறார்கள். புதுப் பெட்ரோல் இருக்கும்போது பாத்திரத்தின் மேல்பகுதி எரிய முடியாத அளவுக்குக் கொழுத்த கலவை என்று சொன்னேன். அது ஒருவகையில் பாதுகாப்பு. ஆனால் பெட்ரோல் குளிர்ந்து, லேசானவை ஓடிப்போன பிறகு அந்தக் கொழுப்பு குறைந்துகொண்டே வரும். போகப்போக அது 7.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாம். ஓட ஓட, பாத்திரம் தானாகவே வெடிக்கக்கூடிய எல்லைக்குள் நகர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எஞ்சின் சற்றுச் சோர்வாக ஓடுகிறது என்பதைத் தவிர வேறு அறிகுறி இல்லை.

இப்போது அந்த நிலையில் எஞ்சின் என்ன செய்கிறது என்று பாருங்கள். கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால், நெருப்பு மெதுவாகப் பரவும். வெளியேற்றும் ஸ்ட்ரோக் முடிகிறவரையும் சிலிண்டருக்குள் எரிந்துகொண்டிருக்கும். இன்லெட் வால்வு திறக்கிறபோது அந்த நெருப்பு புதுக் கலவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பாயும். இதுதான் கார்புரேட்டர் வழியாக வரும் பேக் ஃபயர். சாதாரண கார்புரேட்டரில் இது நடந்தால் ஒரு 'டப்' சத்தத்தோடு போய்விடும், ஏனென்றால் பின்னால் பாய அங்கே கலவை அதிகமில்லை. பபுளரிலோ குழாய் நிறைய எரியும் கலவை, அதன் முனையில் ஒரு பாத்திரம். பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காகத் திருப்புகிற அதே வால்வுதான் நெருப்பையும் திரும்பி வரச் சொல்கிறது.

1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்குக்கு வலை போட்டாரே, அந்தத் தத்துவத்தில் நெருக்கமான கம்பி வலைகளைக் குழாயில் அடுக்கி நெருப்பைத் தடுக்கப் பார்க்கலாம். தொழிற்சாலையில் சோதித்து வரும் தடுப்பான்களும் உண்டு. கையால் செய்த வலையை மட்டும் நம்பி ஒரு லிட்டர் பாத்திரத்தின் பக்கத்தில் நிற்க எனக்கு மனமில்லை. கண்ணாடி ஜாடியிலும் பிளாஸ்டிக் பாட்டிலிலும் குமிழி விட்டுக் காட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கண்ணாடி உடைந்தால் சில்லாகப் பறக்கும். பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் சேரும். பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்க ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம், கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுரீரென்று அடிக்கிறதே, அதில் அதைவிட அதிகம் உண்டு. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமான ஆவி தரையோடு தரையாகப் படர்ந்து, எங்கோ இருக்கிற பொறியைத் தேடிப் போகும். பெட்ரோல் பாத்திரத்தைச் சுற்றி எக்ஸாஸ்ட் குழாயை வளைத்துச் சூடேற்றுவது இன்னும் மோசம். முன்னூறு டிகிரிக்குக் கீழேயே பெட்ரோல் ஆவி பொறியில்லாமல் பற்றிவிடும், எக்ஸாஸ்ட் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வெந்நீர் என்றால் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் நூறு டிகிரிக்கு மேல் போகாது. பபுளரை நான் பிரித்துப் போட்டதற்கு முக்கியக் காரணம் இந்த ஆபத்துதான்.

இனி மிச்சக் கணக்குக்கு வருவோம். இந்தத் துறையின் நாயகன் கனடாவின் சார்லஸ் நெல்சன் போக். 1930களில் ஆவி கார்புரேட்டருக்கு வரிசையாகக் காப்புரிமைகள் பெற்றவர். கேலனுக்கு 200 மைல் என்று அவர் பெயரில் இன்றும் சுற்றுகிறது. 1970களில் டாம் ஓகிள் என்ற இளைஞர் பெரிய ஃபோர்டு காரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கேலனுக்கு 100 மைல் என்று சொல்லி அமெரிக்கச் செய்திகளில் அடிபட்டார். 1979இல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது. காப்புரிமை என்பது ஒன்று புதிது என்பதற்கான சான்று. சொன்ன மைலேஜ் கிடைக்கும் என்பதற்கான சான்று அல்ல. போக்கின் கருவியைக் கெடுக்கத்தான் பெட்ரோலில் ஈயம் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது 1923இல். அவருடைய காப்புரிமைகளுக்குப் பல வருடங்கள் முன்பே.

200 மைல் கணக்கை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 மைல் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கால் கேலன். பெரிய பிரிட்டிஷ் கேலனாகவே வைத்துக்கொண்டாலும் 1.1 லிட்டர்தான். அதிலிருக்கும் மொத்த வெப்பமே சராசரியாகப் பத்து கிலோவாட். அந்தக் காலத்துப் பெட்டி போன்ற காரை அந்த வேகத்தில் காற்றைக் கிழித்துத் தள்ளவே பத்து கிலோவாட்டுக்குக் குறையாமல் சக்கரத்தில் வேண்டும். அப்படியானால் எஞ்சின் நூறு சதவீதத் திறனில் ஓடியிருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மிக நல்லதே நாற்பது சதவீதத்தை ஒட்டித்தான் தொடும், என்னுடையதைப் போன்ற சின்ன எஞ்சின் இருபதைத் தொட்டால் அதிகம். மீதி எக்ஸாஸ்டிலும் சிலிண்டர் துடுப்புகளிலும் சூடாகப் போகிறது. அது ஆவியாகாத பெட்ரோல் அல்ல, எரிந்து முடிந்த பெட்ரோலின் வெப்பம். ஆவியாக்குவதால் அதில் ஒரு துளிகூடத் திரும்பி வராது.

இதற்கு எளிமையான சாட்சி கண் முன்னாலேயே இருக்கிறது. எல்பிஜியில் ஓடும் எஞ்சின்கள். அவற்றுக்குள் போகும் எரிபொருள் நூறு சதவீதம் வாயு, துளி என்ற பேச்சே இல்லை. ஆவிப் பிரியர்கள் கேட்கும் எல்லாமும் அதில் உண்டு. அப்படியிருந்தும் அவை மாயமாக எதையும் மிச்சப்படுத்துவதில்லை. வாயு கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் பவர் சற்றுக் குறையக்கூடச் செய்கிறது. ஆவியாக்கினால் மைலேஜ் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், எல்பிஜி வண்டிகளில் அது ஏன் நடக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் என் எஞ்சின் உண்மையிலேயே குறைவாகத்தான் குடித்தது. அது எப்படி? ஜெனரேட்டரில் குண்டு பல்புகளை மாட்டி, சுமையை மாறாமல் வைத்து, பெட்ரோலை எடை போட்டுப் பார்த்தேன். லிட்டரில் அளந்தால் ஏமாறுவோம். லேசான பகுதியும் கனமான பகுதியும் ஒரே லிட்டருக்கு ஒரே எடை அல்ல. பாத்திரத்தில் மிஞ்சிய மந்தச் சரக்கையும் செலவில் சேர்க்காவிட்டால் அது கள்ளக்கணக்கு. இதையெல்லாம் சேர்த்த பிறகும் ஆவியில் ஓடியபோது செலவு குறைந்தே இருந்தது.

விடை கலவையில் இருந்தது. சின்ன எஞ்சின்களின் கார்புரேட்டரைக் கொஞ்சம் ரிச்சாகத்தான், அதாவது பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும்படிதான், அமைப்பார்கள். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஒரு குளிர்ச்சி, ஸ்டார்ட் ஆகவும் எளிது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 12 பங்கு காற்றோடு ஓட்டினால், உள்ளே போன பெட்ரோலில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் முழுசாக எரியக் காற்றே கிடையாது. அது கார்பன் மோனாக்சைடாக வெளியே போகிறது. பபுளரில் நான் காற்று வால்வைத் திறந்து திறந்து 14.7ஐயும் தாண்டிக் கொண்டுபோயிருந்தேன். அப்புறம் பழைய கார்புரேட்டரையே மாட்டி, மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றி, அதே பல்புகளோடு ஓட்டினேன். மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிட்டது. பாத்திரமும் வேண்டாம், குமிழியும் வேண்டாம், ஒரு சின்ன பித்தளை ஜெட் போதும்.

பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன், முழுவதும் அல்ல. ஆவிக்கென்று உண்மையான ஒரு சின்ன லாபம் உண்டு. கலவை சீராக இருப்பதால், கார்புரேட்டரில் எஞ்சின் மிஸ் ஃபயர் ஆகத் தொடங்கும் இடத்தையும் தாண்டி இன்னும் கொஞ்சம் மெலிந்த கலவையில் ஓட்ட முடிகிறது. குளிர்ந்த எஞ்சின் சூடாகும்வரை சிலிண்டர் சுவரில் ஒட்டி வழியும் பெட்ரோலும் இல்லை. பிளக் சுத்தமாக இருக்கிறது, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் இறங்குவதும் குறைகிறது. அதற்கு விலையும் இருக்கிறது. கலவை சூடாக உள்ளே போனால் அடர்த்தி குறையும், பவர் விழும், அதிகச் சுமையில் நாக்கிங் வரும், அதாவது கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும். சாதாரண ஜெட்டில் துளிகள் இன்டேக்கில் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். அந்தக் குளிர்ச்சி இலவசமாகக் கிடைக்கும் அடர்த்தி. அதைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் ஆவி வருகிறது. 14.7க்குச் சற்று மேலே மெலிந்த கலவையில் நெடுநேரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு படும் பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்ன எஞ்சினுக்கு ரிச் கலவை வைத்தவர்கள் ஒன்றும் தெரியாமல் வைக்கவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு: சாலையில் ஓடும் கார்கள் பலவும் ஏற்கெனவே ஆவியை எரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. டேங்கில் எழும் ஆவியை ஒரு கரி டப்பா உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்டேக்குக்கு அனுப்பும். மைலேஜுக்காக அல்ல, ஆவி காற்றில் கலந்து புகைமூட்டமாகக் கூடாது என்பதற்காக.

இப்போது மேசையில் கிடப்பது வேறு ஏற்பாடு. பெட்ரோலைத் தேக்கி வைத்து ஆவியாக்காமல், ஊசி வால்வு வழியாக எஞ்சின் கேட்கிற அளவு மட்டும் சொட்டவிட்டு, வெந்நீர் சுற்றி ஓடும் சின்ன செம்புக் குழாய்க்குள் காற்றோடு சேர்த்து அங்கேயே ஆவியாக்குவது. இதில் ஆவி சேர்ந்து நிற்கப் பாத்திரமே இல்லை. எரியும் கலவை இருப்பது ஒரு சாண் குழாயில் மட்டும். லேசானதும் கனமானதும் கலந்தபடியே போவதால் மந்தச் சரக்கு மிஞ்சாது. இருநூறு டிகிரியில் கொதிக்கிற கனமான பகுதி வெந்நீர்ச் சூட்டில் ஆவியாகுமா என்று கேட்கலாம். காற்றோட்டத்தில் ஆவியாகக் கொதிக்க வேண்டிய அவசியமில்லை, இரண்டே சதவீதம் ஆவிக்கு அந்தச் சூடு ஏறக்குறையப் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் பழைய கார்புரேட்டர் பக்கத்திலேயே இருக்கும். வெந்நீர் சூடேறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். கார்புரேட்டரில் சின்ன ஜெட் போட்டுக் கிடைத்த மிச்சத்துக்கு மேல் இதில் எவ்வளவு வரும் என்று கேட்டால், என் எதிர்பார்ப்பு இரண்டு மூன்று சதவீதம்தான். சுமை மாறினாலும் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரோடு அது ஒத்துப்போகுமா என்பதுதான் அடுத்த வேலை. பல்பைத் திடீரென்று கூட்டினால் த்ராட்டில் திறக்கும், காற்று உடனே வந்துவிடும், சொட்டு வந்து சேரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் கலவை மெலியும், பேக் ஃபயர் வர அதுவே வழி. ஊசி வால்வை த்ராட்டிலோடு ஒரு கம்பியால் இணைத்துப் பார்க்கப் போகிறேன்.